பாம்பு பார்க்கப் போகும் ராத்திரிகள்

மழை விட்ட ராத்திரி எட்டு மணி வாக்கில் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கம்பூட்டை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு விளக்கு, கையில் ஒரு டார்ச், ஒரு கழி, அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பிவிடுவேன். அம்மா இன்னும் பழகவில்லை. "மழை பெஞ்ச தரை, பூச்சி பொட்டு கிடக்கும், இந்நேரத்துல எங்கடா?" என்று கேட்பார். அந்தப் பூச்சி பொட்டைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொன்னால் சண்டை வரும் என்பதால் பேசாமல் போய்விடுவது.

பறவை பார்ப்பவர்கள் என்றால் எல்லோருக்கும் தெரியும், மரியாதையும் உண்டு. பாம்பு, ஆமை, பல்லி, தவளை பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறோம், ஹெர்ப்பிங் என்று சொல்வார்கள். சொன்னதுமே எதிரில் இருப்பவர் கேட்பது "கடிக்காதா?", அடுத்தது "பிடிச்சு என்ன பண்ணுவீங்க?". கடிக்கும், வாய்ப்புக் கொடுத்தால். பிடிப்பது கிடையாது. தேடுவோம், கிடைத்தால் நாலடி தள்ளி நின்று பார்ப்போம், ரெண்டு படம் எடுப்போம், அது தன் வழியில் போகும், நாங்கள் எங்கள் வழியில். பாம்பையோ ஆமையையோ பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லையென்றாலும் தொட வேண்டிய அவசியம் எனக்குப் புரிந்ததில்லை. கிளி பார்க்கப் போகிற யாரும் கிளியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடியோ எடுப்பதில்லையே.

இதற்கெல்லாம் வால்பாறை போக வேண்டும், கர்நாடகத்து மழைக்காடான ஆகும்பே போக வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. போகலாம், தப்பில்லை. பச்சையும் மஞ்சளும் பழுப்புமாகப் பல நிறங்களில் வருகிற மலபார் குழிவிரியனை ஒரு ஓடையோரக் கிளையில் பார்த்துவிட்டு அட்டை கடித்த காலோடு திரும்பி வருவதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் ராத்திரி நுழைவது குற்றம், ஓட்டல் அறை, கைடு என்று செலவு வேறு. என்னைக் கேட்டால் சமவெளியில் ஒரு ஏரி, அதன் கரை, கீழே நாலு வயல், வரப்பு, ஓரமாகக் கொஞ்சம் சப்பாத்திக்கள்ளி, இடிந்த ஒரு மோட்டார் கொட்டகை, இது போதும். நெல் இருக்கும் இடத்தில் எலி, தண்ணீர் இருக்கும் இடத்தில் தவளை. இந்த ரெண்டும் இருந்தால் மீதி தானாக வந்து சேரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் சுற்றுகிற இடங்கள் எல்லாமே இப்படித்தான், எந்த ஏரி என்று மட்டும் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும்.

ராத்திரி டார்ச் அடித்துத் தேடும்போது புதிதாக வருகிறவர்கள் கண் மினுங்குவதைத் தேடுவார்கள். பாம்புக் கண் அப்படி மினுங்காது. வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிற படலம் அதன் கண்ணில் இல்லை. வரப்பு முழுக்கச் சின்னச் சின்னதாக வைரம் தூவினாற்போல் ஒளிர்வதெல்லாம் சிலந்தி, செம்மஞ்சளாகத் தரையில் எரிவது பக்கிக் குருவி. பாம்பை அதன் உடம்பின் வளைவை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அதாவது கண்ணால் பிடிக்க வேண்டும். புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது அதற்குக் குறுக்கே ஒரு வளைவு, காய்ந்த சேற்றில் ஒரு பளபளப்பு, அப்படி ஏதாவது. பச்சைப் பாம்பைப் பகலில் தேடிப் பாருங்கள், கண்ணுக்கு நேரே தொங்கினாலும் தெரியாது. ராத்திரி டார்ச் அடித்தால் இலைக்கு நடுவே வெளுத்துத் தெரியும். மெல்லிய கொம்பின் நுனியில்தான் தூங்கும், ஏதாவது ஒன்று கொம்பில் ஏறி வந்தால் நுனி ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா. அதனால் வேலியில் இருக்கிற செடிகளின் நுனிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும், ஒரு நல்ல இரவில் நிறையவே கிடைக்கும்.

எனக்கு இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் படித்தது, மீதி இருளர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அண்ணனோடு நடந்து கற்றது. அவர் டார்ச்சைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார். வரப்பில் ஒரு வளையைப் பார்த்து நான் குனிந்தேன். "அதுல வாயில சிலந்தி வலை கட்டியிருக்கு பாருங்க சார், உள்ள ஒண்ணும் போகல, வரல" என்று நிற்காமலே நடந்தார். பத்தடி தள்ளி இன்னொரு வளை, வாய் ஓரத்து மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "சாரை. ஆனா இப்ப வெளிய போயிருக்கு." எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குத் தடத்தைக் காட்டினார், எனக்குத் தெரிந்தது ஈர மண் மட்டும்தான். இன்னமும் எனக்கு அந்தக் கண் வரவில்லை.

இருளர்களின் கதை பலருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972 சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. சென்னைப் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் உரிமத்தோடு பிடித்து வந்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்தில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இங்கிருந்து போவதுதான். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிப்போய்க் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களைத்தான் கூப்பிட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்றைக்கு நான் ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன், யாருக்கும் ஏன் என்று புரியவில்லை.

சரி, பாம்புக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் கற்க வேண்டியது கட்டுவிரியனுக்கும் ஓநாய்ப் பாம்புக்கும் உள்ள வித்தியாசம். சில ஊர்களில் ஓநாய்ப் பாம்பை வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள். ரெண்டும் கருமை அல்லது பழுப்பு, ரெண்டிலும் வெள்ளைப் பட்டை, ரெண்டும் ராத்திரி வருவது, ரெண்டும் வீட்டுக்குள் நுழைவது. விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு கடித்தால் அரிப்புகூட இருக்காது, கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது, ஆனால் விடிவதற்குள் மூச்சு நின்றுவிடலாம். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டை கழுத்துப் பக்கம் தொடங்கி வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின் கொஞ்ச தூரம் வரை பட்டையே இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், அப்புறம் இரண்டிரண்டாகத் தொடங்கி வால் நுனி வரை தெளிவாகப் போகும். முதுகு நடுவில் ஓடுகிற செதில் வரிசை பெரிதாக அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் குட்டியில், தோல் உரிக்கும் சமயத்தில், பட்டையே இல்லாத சில கட்டுவிரியன்களில் இதெல்லாம் குழப்பும், ஆகவே எந்தக் கறுப்புப் பாம்பாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள் என்பதே புதியவர்களுக்கு நான் சொல்வது. மழைக்காலத்தில் தரையில் பாய் போட்டுப் படுக்கிற வீடுகளில்தான் கட்டுவிரியன் கடி அதிகம். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கண்ணாடி விரியனைத் தேட வேண்டியதில்லை, அதுவே சத்தம் கொடுக்கும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதை நெல் வயல் நடுவில் இருட்டில் கேட்டால் எப்படி இருக்கும்? முதல்முறை கேட்டபோது சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து என்றே எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே நின்றேன், டார்ச்சை மட்டும் மெதுவாகச் சுழற்றினேன், வரப்பு ஓரத்தில் சுருண்டு கிடந்தது. பருத்த உடம்பு, முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி வளையங்கள். அவ்வளவு அழகான பாம்பு நம் ஊரில் வேறு கிடையாது என்பது என் கட்சி. நல்ல பாம்புக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது, சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள், வயலில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள். பொழுதுபோக்குக்காகப் போகிற நான் கம்பூட் போட்டுக்கொண்டு போகிறேன், அதே வரப்பில் விடியற்காலை தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் வெறுங்காலோடு வருகிறார். இது எனக்கு எப்போதுமே உறுத்தும். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல விஷயம், இனி கணக்காவது ஒழுங்காக வரும். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கடிபட்ட கை காலை அதிகம் ஆட்டாமல் 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி, நம் மருந்து இருளர்கள் விஷம் எடுக்கிற அந்த நாலு பாம்புக்கானது. காப்பித் தோட்டத்துச் சருகில் கிடக்கிற கூம்பு மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அங்கே உட்காரும் இடத்தைக்கூடப் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

பயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், கண்ட காட்சிகளையும் சொல்ல வேண்டாமா. பட்டப்பகலில் ரெண்டு சாரைகள் பின்னிப் பிணைந்து ஆளுயரத்தில் பாதி எழும்பி விழுந்து மறுபடி எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அது சாரையும் நல்ல பாம்பும் கூடுவது, மேலே வெள்ளை வேட்டியைப் போட்டு எடுத்து வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உண்மையில் ரெண்டும் சாரை, ரெண்டும் ஆண். யார் தலையை யார் தரையில் அழுத்துவது என்ற மல்லுக்கட்டு. அன்றைக்கும் ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார். "தாத்தா, ரெண்டும் ஆம்பளை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப எதுக்குடா இப்படிக் கட்டிக்கிதுங்க" என்று துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரை என்னோடு நின்று பார்த்தார். கொம்பேறி மூக்கன் கதை இன்னும் பிரமாதம், கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிற புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குமாம். பாவம், விஷமே இல்லாத பாம்பு, பல்லியும் தவளையும் தின்று மரத்தில் பிழைக்கிறது.

பாம்பைவிட எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது மனிதர்கள்தான். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு வயலில் அலைகிறவனை ஊர்க்காரர்கள் ஆடு திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அதுகூடப் பரவாயில்லை. மண்ணுளிப் பாம்பைப் பல லட்சத்துக்கு வாங்குவார்கள் என்ற புரளியை நம்பி ராத்திரியில் தேடி அலைகிற கும்பல் நிஜமாகவே உண்டு, அவ்வப்போது செய்தியில் கைதாகிறார்கள். அந்தக் கணக்கில் நம்மையும் சேர்த்துவிடுவார்கள். அதனால் பகலிலேயே போய் நிலத்துக்காரரிடம் பேசி, டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேருக்கு முகம் காட்டி, கேமராவில் பழைய படங்களைக் காட்டிவிட்டு வந்தால்தான் ராத்திரி நிம்மதியாக நடக்கலாம். இந்த டீக்கடைப் பேச்சில் கிடைக்கிற தகவலும் லேசுப்பட்டதல்ல, எந்தக் கிணற்றில் ஆமை இருக்கிறது, எந்தப் புற்றில் பால் ஊற்றுகிறார்கள், எல்லாம் அங்கேதான் தெரியும்.

கல்லைப் புரட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரட்டினால் கழியால், கல் நமக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் நிற்கிற மாதிரி, நம் பக்கமாகத் தூக்க வேண்டும். தேள், பூரான், புழுப்பாம்பு, சில சமயம் சுருட்டை விரியன் இருக்கும். பார்த்ததும் கல்லை இருந்த குழியிலேயே இருந்த வாக்கில் வைக்க வேண்டும், அடியில் இருக்கிற ஈரம்தான் அதுகளின் வீடு. ஒரு மலையடிவாரத்தில் யாரோ வரிசையாக எல்லாக் கல்லையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தேன், அப்படி ஒரு கோபம் வந்தது. இணையத்தில் படம் போடும்போது எந்த இடம் என்று சொல்லாமல் இருப்பதும் இதே கணக்குத்தான், தெரிந்தால் இப்படிப்பட்டவர்களும் பிடித்து விற்கிறவர்களும் வந்துவிடுவார்கள். படத்தில் பின்னால் கோயில் கோபுரம் தெரிந்தால்கூட வெட்டிவிட்டுத்தான் போடுவேன். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் அழிவு ஆபத்திலிருக்கும் இனங்களின் இடத்தை அதுவே மங்கலாக்கிவிடும், மற்றவற்றுக்கு நாமே மங்கலாக்கிக் கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் ஆமைகள் பாடு இன்னும் மோசம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ எங்கோ சொல்லப்போய், பெட்டி பெட்டியாகக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கிறது. 2019இல் சர்வதேச வணிகத்தை முழுதாகத் தடுக்கிற பட்டியலுக்கு அதை மாற்றியும் நிற்கவில்லை. முள்காட்டில், மழை பெய்த மறுநாள் காலையில், புல்லைக் கடித்துக்கொண்டு தன் வேகத்தில் போகிற ஒரு நட்சத்திர ஆமையைப் பார்த்தவர்களுக்கு அதைத் தொட்டியில் போட மனசு வருமா என்று தெரியவில்லை. ஏரிகளில் இருப்பது பால் ஆமை. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு அடியில் இருக்கிற தோல் மடிப்பால் மூடிக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு எழுந்து வரும், ரோட்டைக் கடக்கும்போது மாட்டிக்கொள்வதும் அப்போதுதான். அப்படி ரோட்டில் கண்டால் மட்டும் தொடுவேன், அது போகிற திசையிலேயே மறுபக்கம் கொண்டுபோய் விடுவேன்.

ஆமை தேடுவதைப் பற்றி எழுதிவிட்டு விஜயாவைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கியவர், இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1912இல் விவரிக்கப்பட்டு, அதன்பின் எழுபது ஆண்டுகளாக யாரும் பார்த்துப் பதிவு செய்யாத பிரம்பு ஆமையை 1982இல் கேரளத்துக் காட்டில் காடர் பழங்குடியினரின் உதவியோடு மறுபடி கண்டுபிடித்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஆமை, தண்ணீரில் இருக்காது, சருகுக்குள் இருக்கும். அதைப் படிப்பதற்காகக் காட்டில் ஒரு குகையிலேயே தங்கினார். 1987இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு பக்கம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

பாம்பெல்லாம் வேண்டாம், ஆமை மட்டும் போதும் என்கிறவர்களுக்குச் சென்னையிலேயே வழி இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை சிற்றாமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும், மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு சீசனிலும் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறது. ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும், பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். அங்கேயே விட்டால் நாய் தோண்டும், தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகிறவை என்பதால் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அவை இந்த ஆமைகள்தான். இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாகும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதே ஏப்ரல் 15, அதற்குள் ஆமை சீசன் முடிந்துவிடுகிறது. ஆகவே கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்ற விதியை அந்த மூன்று மாதமாவது உருப்படியாக அமல்படுத்தினால் பெருமளவு குறையும்.

சீசனில் வார இறுதி இரவுகளில் அந்த மாணவர் குழுவினர் பொதுமக்களையும் கூட நடக்க அழைத்துப் போகிறார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், மணலில் நடக்க வேண்டும், நடுராத்திரிக்கு மேல் ஆகும். கரையேறுகிற ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடும், ஆகவே டார்ச்சும் போன் வெளிச்சமும் வேண்டாம். பெரும்பாலான இரவுகளில் ஆமையே வராது, அதைச் சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் மத்தியானமே கொஞ்சம் தூங்க வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திருவான்மியூர் தாண்டியதும் தோளில் தூக்கிக்கொண்டுதான் மீதி தூரம் நடக்க வேண்டிவரும்.